விஷமும் வெளிச்சமும்

பனிக்காலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அஞ்சிக் கணப்புச் சட்டியில் கரியை மூட்டி, கதவு ஜன்னல்களையெல்லாம் அடைத்துக்கொண்டு படுத்தவர்கள் மறுநாள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் பத்திரிகைகளில் அவ்வப்போது வாசிக்கிறோம். "புகை மூண்டிருக்கும், பாவம்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். உண்மையில் அங்கே புகை மூண்டிருந்தால் அவர்கள் இருமிக்கொண்டாவது விழித்திருக்கக்கூடும், பிழைத்தும் இருக்கக்கூடும். நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயுவே அவர்களைக் கொன்றது. அதற்குக் கார்பன் மோனாக்ஸைடு என்று பெயர். நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவில் ஒரு கரி அணுவோடு இரண்டு பிராணவாயு அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. போதிய காற்றில்லாமல் கரி எரியும்போது ஒரே ஒரு பிராணவாயு அணுதான் அதற்கு அகப்படுகிறது. அந்த அரைகுறைத் தகனத்தில் பிறப்பதே இந்த விஷவாயு.

இது செய்யும் கொடுமைக்கு நம் இரத்தத்திலுள்ள இரும்பே இடங்கொடுக்கிறது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இரும்பு அணுவும், நெற்றிச்சுட்டியின் நடுவே பதித்த கல்லைப் போல, 'ஹீம்' என்ற தட்டையான ஒரு வளையத்தின் மத்தியில் அமர்ந்திருக்கிறது. சுவாசப்பையில் பிராணவாயு வந்து இந்த இரும்போடு ஒட்டிக்கொள்ளும். உடம்பின் மூலைமுடுக்குகளை அடைந்ததும் இறங்கிக்கொள்ளும். வந்து அமர்வதும் இறங்கிப் போவதும் எளிதாக இருப்பதால்தான் நாம் உயிர் வாழ்கிறோம். கார்பன் மோனாக்ஸைடோ, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இரும்பின்மீது பற்றுக் கொண்டது. மாப்பிள்ளை உட்கார வேண்டிய மணையில் வேறொருவன் வந்து உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற கதைதான். இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு முன்னைவிடச் செக்கச்செவேலென்றும் இருக்கும். ஆனால் அது சுமந்து செல்லவேண்டிய சரக்கு மட்டும் இராது.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த விஷயம். அடம் பிடிக்கும் அந்த ஆசாமியை எழுப்பிவிட ஒரு சக்தி உண்டு என்பதும், அது சாதாரண வெளிச்சமே என்பதும் அவ்வளவாகத் தெரியாத விஷயம். இந்தச் சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு சர்வகலாசாலைகளில் ரஸாயன நிபுணர்களும் உடலியல் அறிஞர்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவரும் வேலையைத்தான் இந்த வாரம் சொல்ல உத்தேசம்.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். விஷவாயுவை ஆராய்வதற்குத் தம் உடம்பையே சோதனைச்சாலையாக்கிக்கொண்டவர். தாமே கார்பன் மோனாக்ஸைடைச் சுவாசித்து, தலை சுற்றுவதையும் கால் தள்ளாடுவதையும் குறித்துக்கொண்டு, தம் இரத்தத்தில் எத்தனை பங்கு விஷம் ஏறியிருக்கிறது என்று அளந்தார். 1896ல், நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துக்களில் மாண்டவர்களைப் பற்றி அவர் ஓர் அறிக்கை எழுதினார். வெடியின் அதிர்ச்சியால் இறந்தவர்களைவிட, அதன் பிறகு சுரங்கத்தில் பரவிய இந்த வாயுவினால் இறந்தவர்களே அதிகம் என்று அதில் எடுத்துக் காட்டினார். சிறு பிராணிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டு செல்லும்படி யோசனை கூறியவரும் அவரே. கானரிப் பறவை கூண்டில் மயங்கி விழுந்தால் மனிதன் ஓடித் தப்பலாம். பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தப் பறவைகளுக்கு 1986ல்தான் ஓய்வு கிடைத்தது.

அதே 1896ல் ஹால்டேனும் அவருடைய கூட்டாளி லொரெய்ன் ஸ்மித்தும் வேறொன்றையும் வெளியிட்டார்கள். நீர் கலந்த இரத்தத்தில் காற்றையும் விஷவாயுவையும் சேர்த்துக் குலுக்கி, நல்ல வெளிச்சத்தில் வைத்தால் அதன் நிறம் மாறுகிறது. விஷவாயு இரும்பை விட்டு விலக, பிராணவாயு அந்த இடத்தைப் பிடிக்கிறது. நிழலுக்குக் கொண்டுவந்தால் பழைய நிறம் திரும்பிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு, விஷவாயு தாக்கியவரை வெயிலில் கிடத்தினால் போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தோலைக் கடந்து உள்ளே ஓடும் இரத்தத்துக்கெல்லாம் வெயில் எட்டாது. அவரை உடனே திறந்த வெளிக்கு எடுத்துச் செல்லவேண்டும். வைத்தியரிடம் சேர்த்துச் சுத்தமான பிராணவாயு கொடுக்கவேண்டும். வேறு வழி கிடையாது.

இரத்தம் கொண்டுவந்து இறக்கும் பிராணவாயுவை உயிரணு என்ன செய்கிறது? அங்கும் ஏதோ ஒரு வஸ்து அதைக் கையேந்தி வாங்கவேண்டும் அல்லவா? அந்த வஸ்துவைத் தேடிய கதையில் முதலில் வருகிறவர் எந்தச் சர்வகலாசாலையையும் சேர்ந்தவர் அல்ல. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஊரில் வைத்தியத் தொழில் செய்துவந்த சார்லஸ் மக்மன் என்பவர் அவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பு என்ற கருவியை வைத்துக்கொண்டு, பலவகைப் பிராணிகளின் தசைகளை ஆராய்ந்தார். இரத்தத்துக்குரியதல்லாத கருங்கோடுகள் அந்த நிறவரிசையில் தெரிந்தன. உயிரணுக்களுக்குள்ளேயே சுவாசத்துக்கென்று ஒரு நிறப்பொருள் இருக்கிறது என்று 1880களில் எழுதினார். ஜெர்மனியில் அக்காலத்தில் உடற்கூற்று ரஸாயனத்துக்குத் தலைவராக விளங்கிய ஹோப்பே-ஸெய்லர் இதை ஒப்பவில்லை. 1890ல் கடுமையாக மறுத்தார். பேராசிரியர் மறுத்தபின் ஒரு வெளியூர் வைத்தியரின் பேச்சு எங்கே எடுபடும்? மக்மன் 1911ல் காலமானார். அதுவரை அவர் சொன்னதை மதித்தவர்கள் வெகு சிலரே.

அவர் கண்டது மெய்யே என்பது 1925ல் நிரூபணமாயிற்று. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டேவிட் கெய்லின் என்பவர் குதிரையின் இரைப்பையில் வளரும் ஒருவகை ஈயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பூச்சிகளின் இறக்கைத் தசையில் அதே கோடுகளைக் கண்டார். ரொட்டிக்காரர் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டிலும் அவை இருந்தன. ஈஸ்ட் கரைசலைக் காற்றோடு குலுக்கினால் கோடுகள் மறைந்தன. சற்று நேரம் சும்மா வைத்தால், ஈஸ்ட் பிராணவாயுவைச் செலவழித்ததும், மீண்டும் தோன்றின. உயிரணு மூச்சு விடுவதையே கண்ணால் பார்ப்பது போல இருந்தது அது! கெய்லின் இந்தப் பொருளுக்கு 'ஸைட்டோக்ரோம்' என்று பெயரிட்டார். உயிரணுவின் நிறம் என்பது பொருள். தமக்கு முன்னால் இதைக் கண்டவர் மக்மன் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். புதிதாக ஒன்றைக் கண்டவர் தம் முன்னோடியின் பெயரைத் தேடி எடுத்து முன்னால் வைப்பது எக்காலத்திலும் அபூர்வம்.

இதே சமயத்தில் பெர்லினில், கெய்ஸர் வில்ஹெல்ம் ஆராய்ச்சி நிலையத்தில், ஓட்டோ வார்பர்க் என்பவர் வேறு பாதையில் சென்றுகொண்டிருந்தார். பிராணவாயுவை நேரே கையேந்தி வாங்கும் என்ஸைமில் இரும்பு இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆனால் அந்த என்ஸைம் உயிரணுவில் அற்பசொற்பமாகவே இருக்கிறது. பிரித்தெடுத்துக் கையில் பிடித்துக் காட்ட அன்று வழியில்லை. அவர் கையாண்ட யுக்தியைக் கேளுங்கள். ஈஸ்டை மூடிய குப்பியில் இட்டு, அது உட்கொள்ளும் பிராணவாயுவை வாயுவின் அழுத்தத்தைக் கொண்டு அளந்தார். பிறகு குப்பிக்குள் கார்பன் மோனாக்ஸைடை அதிகமாகவும் பிராணவாயுவைக் கொஞ்சமாகவும் நிரப்பினார். இருட்டில் ஈஸ்டின் சுவாசம் ஒடுங்கியது. விளக்கை ஏற்றினார், சுவாசம் மீண்டது. விளக்கை அணைத்தார், மறுபடியும் ஒடுங்கியது. இது 1926ல் நடந்தது. ஹால்டேன் இரத்தத்தில் கண்ட அதே நாடகம், இரத்தமே இல்லாத ஈஸ்டிலும் நடந்தது. எனவே இங்கும் அதே இரும்புதான் இருக்கவேண்டும்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஒரு பொருள் எந்த நிற ஒளியை உட்கொள்ளுமோ அந்த ஒளிதான் அதில் வேலை செய்யும். ஆகையால் வெள்ளை ஒளிக்குப் பதிலாக ஒவ்வொரு நிறமாகப் பிரித்து ஈஸ்டின்மேல் பாய்ச்சி, எந்த நிறத்தில் சுவாசம் எவ்வளவு மீள்கிறது என்று தம் சகாவான நெகெலைனுடன் சேர்ந்து கணக்கெடுத்தார். அடைத்த கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு ராகமாகப் பாடி, எந்த ராகத்துக்கு உள்ளேயிருந்து 'சபாஷ்!' வருகிறது என்று கேட்டே, உள்ளிருப்பவர் யாரென்று கண்டுகொள்வது போலத்தான். 433 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்குப் பலத்த 'சபாஷ்' வந்தது. கிடைத்த கணக்கை வரைந்து பார்த்தால் ஹீமின் சாயல் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒருவரும் கண்ணால் கண்டிராத என்ஸைமின் சித்திரம் இவ்விதம் கிடைத்தது. 1931ல் வார்பர்க்குக்கு நோபல் பரிசு அளித்தார்கள். விஞ்ஞான சரித்திரத்தில் இவ்வளவு சொற்பச் சாமான்களை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய விஷயத்தைச் சாதித்தது வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகமே.

கெய்லினுக்கும் வார்பர்க்குக்கும் நெடுநாள் விவாதம் நடந்தது. அந்த விவரமெல்லாம் நமக்கு வேண்டியதில்லை. இருவரும் கண்டவை ஒரே சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகள் என்று பின்னால் தெளிவாயிற்று. 1939ல் கெய்லினும் ஹார்ட்ரீயும் வார்பர்க்கின் என்ஸைமை ஸைட்டோக்ரோம்களில் ஒன்றாக அடையாளம் கண்டார்கள். அதில் இரும்போடு செம்பும் உண்டு. அதன் அமைப்பு, ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே உழைத்த இரு குழுவினரால், 1995ல் அணு அணுவாக விளக்கப்பட்டது.

ஒளியின் வேலை அதோடு முடியவில்லை. 1950களில் ஷெஃபீல்டு சர்வகலாசாலையில் குவென்டின் கிப்ஸன் என்பவர் ஹீமோகுளோபின்மேல் மின்வெட்டுப் போன்ற ஒளியைப் பாய்ச்சி விஷவாயுவை ஒரேயடியாக உதறிவிட்டு, அது திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும் வேகத்தை அளந்தார். ஒளி பட்ட அந்தக் கணத்தில் அது வழக்கத்தைவிட விரைவாக ஒட்டிக்கொள்வதைக் கண்டார். காரணம், வாயு விலகினாலும் புரதம் தன் உருவத்தை உடனே மாற்றிக்கொள்வதில்லை. எழுந்து போனவரின் அழுத்தம் திண்டில் சற்று நேரம் தங்குவது போல. 1975ல் இல்லினாய் சர்வகலாசாலையில் ஃப்ராவன்ஃபெல்டரும் அவர் குழுவினரும் தசையிலுள்ள மயோகுளோபினைக் கடுங்குளிரில் உறையவைத்து இதே சோதனையைச் செய்தார்கள். ஒரே புரதத்தின் மூலக்கூறுகள்கூட ஒன்றைப்போல் ஒன்று நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொன்றும் சற்றே வேறு நிலையில் உறைந்திருந்தது. அசையாத கற்சிலை என்று எண்ணியிருந்த புரதம், சதா நெளிந்துகொண்டேயிருப்பது என்று விளங்கிற்று. 2015ல் ஸ்டான்ஃபோர்டில், இரும்பை விட்டு வாயு பிரிந்தவுடன் மயோகுளோபின் முழுவதும் சிலிர்ப்பதை எக்ஸ்-ரே ஒளியால் படம் பிடித்தார்கள். ஒரு விநாடியை லட்சங்கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்குள் அது நடந்துவிடுகிறது.

இனி ஒரு விந்தை. இவ்வளவு தூரம் விஷம் என்று திட்டிவந்த இந்த வாயுவை நம் உடம்பே தினந்தோறும் கொஞ்சம் உற்பத்தி செய்கிறது. இதை ஸ்வீடனில் ஷோஸ்ட்ராண்ட் 1949ல் காட்டினார். குழந்தை இடித்துக்கொண்ட இடத்தில் கன்றிப்போன நீலம், சில நாளில் பச்சையாகிப் பிறகு மஞ்சளாவதை எல்லாத் தாய்மாரும் பார்த்திருக்கிறார்கள். அது ஹீம் உடைபடும் காட்சி. ஒவ்வொரு ஹீம் வளையம் உடையும்போதும் ஒரு கார்பன் மோனாக்ஸைடு மூலக்கூறு வெளிப்படுகிறது. (மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபினும் ஒளிக்கு வசப்பட்டதே, பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் நீல விளக்கின்கீழ் கிடத்துவது அதனால்தான்.) மிகச் சிறிய அளவில் இந்த வாயு இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, வீக்கத்தைத் தணிக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் அதை மருந்தாகவே கொடுத்தால் என்ன? சுவாசிக்கச் செய்தால் இரத்தம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேண்டிய இடத்தில், வேண்டிய பொழுதில், வேண்டிய அளவு மட்டும் வெளிப்படவேண்டும். 2002ல் லண்டனுக்கு அருகில் மோட்டர்லினியும் அவருடைய சகாக்களும், மாங்கனீஸ், ருதீனியம் போன்ற உலோகங்களோடு இந்த வாயுவைப் பிணைத்த கூட்டுப்பொருள்களைச் சோதித்தார்கள். அவற்றில் மாங்கனீஸ் சேர்ந்த ஒன்று இருட்டில் வாய் திறப்பதில்லை. ஒளி பட்டால்தான் வாயுவை விடுகிறது. கலிபோர்னியா சர்வகலாசாலையில் பீட்டர் ஃபோர்டு முதலியோரும், ஜெர்மனியில் உள்ள சில ஆராய்ச்சிசாலைகளும் இந்த வழியைப் பின்பற்றிப் பல புதிய பொருள்களைச் செய்திருக்கிறார்கள். ஹால்டேனின் குப்பியில் எதிரியை விரட்டிய வெளிச்சமே, இங்கே அந்த எதிரியைப் பணியாளாக வேலைக்கு அழைக்கிறது.

ஆயினும் இவை இன்னும் சோதனைச்சாலையைத் தாண்டவில்லை. இடையூறுகள் இரண்டு. இத்தகைய பொருள்களில் பெரும்பாலானவை நீல ஒளிக்கோ, கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த ஒளிக்கோதான் இணங்குகின்றன. அந்த ஒளிகள் தசைக்குள் சிறிது தூரத்துக்குமேல் செல்லமாட்டா. உள்ளங்கையால் கைவிளக்கை மூடினால் விரலிடுக்குகள் சிவப்பாக ஒளிர்கின்றன அல்லவா? சிவப்பு ஒளி ஒன்றுதான் ஓரளவு ஊடுருவும். வாயு போனபின் உடம்பில் தங்கும் உலோகம் தீங்கு செய்யாமலும் இருக்கவேண்டும். சிவப்பு ஒளிக்கு இணங்குவதும், எஞ்சும் கழிவை உடம்பு தாங்கிக்கொள்வதுமான ஒரு பொருளைத்தான் ரஸாயன அறிஞர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.