கடைசிப் பக்கம் இல்லாத மர்மக் கதை

போலந்தின் சோபோட் நகரில் 2007 ஆகஸ்டில் நடந்த டென்னிஸ் ஆட்டம் ஒன்று, எந்தத் துப்பறியும் நாவலுக்கும் சளைத்ததல்ல. உலகத் தரவரிசையில் 4-ஆம் இடத்திலிருந்த ரஷியாவின் டேவிடென்கோ, 87-ஆம் இடத்திலிருந்த ஆர்ஜென்டீனாவின் வசாலோ ஆர்குவெல்லோவுக்கு எதிராக முதல் செட்டை 6-2 என்று எளிதாக வென்றார். பந்தயப் பணமோ, தோற்றவர் மீது கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவது செட்டை இழந்த டேவிடென்கோ, மூன்றாவது செட்டில் காலில் காயம் என்று கூறி விலகினார். பிரிட்டனின் பெட்ஃபேர் நிறுவனம் சுமார் 70 லட்சம் டாலர் பந்தயங்களை ரத்து செய்தது.

ஓராண்டுக்கும் மேல் விசாரித்த ஏ.டி.பி. அமைப்பு, இரு ஆட்டக்காரர்களோ வேறு எவருமோ விதியை மீறியதற்கு ஆதாரமில்லை என்று 2008 செப்டம்பரில் கோப்பை மூடியது. ஆட்டக்காரர்கள் மீது பழி இல்லை. ஆனால், அவ்வளவு பணத்தை அங்கே திருப்பியவர்கள் எதை நம்பித் திருப்பினார்கள்? விடை இன்றுவரை இல்லை.

விளையாட்டு அமைப்பால் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது. வெளியாரின் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்ல முடியாது. வெளியே நிற்கும் தரகரைக் கூண்டில் ஏற்றவும் முடியாது. அது அரசால் மட்டுமே முடியும். 2000 ஏப்ரலில் ஹன்சி குரோனியே சிக்கியது கிரிக்கெட் வாரியங்களின் விழிப்பால் அல்ல. தில்லி போலீஸார் பதிவு செய்த தொலைபேசி உரையாடலால்தான்.

டென்னிஸில் நோய் அடிமட்டத்தில் இருக்கிறது. மொத்தப் பரிசே 15 ஆயிரம் டாலராக உள்ள சிறு போட்டிகள் இந்தியாவிலும் நடைபெறுகின்றன. முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது விடுதிச் செலவுக்கே போதாது. அவரிடம் ஒரு செட்டை விலைபேச வருபவருக்கு அதிகம் செலவாகாது. சுயேச்சை ஆய்வுக் குழு ஒன்று 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், கருத்துக் கேட்கப்பட்ட 3,200-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களில் 464 பேர் ஆட்ட மோசடியை நேரடியாக அறிந்திருப்பதாகக் கூறியிருந்தனர். கீழ்நிலைப் போட்டிகளின் நேரடிப் புள்ளிவிவரங்களைப் பந்தயச் சந்தைக்கு விற்கத் தொடங்கியது சர்வதேச டென்னிஸ் சம்மேளனமேதான் என்பது தனி வேடிக்கை.

இந்தியச் சட்டத்தின் நிலை என்ன? ஐ.பி.எல். வழக்கில் ஸ்ரீசாந்த் உள்ளிட்டோரை 2015-ல் தில்லி நீதிமன்றம் விடுவித்தது. ஆட்டத்தை முன்கூட்டியே பேசி முடிப்பது மோசடிக் குற்றமாகாது என்று 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. நீதிமன்றங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இல்லாத சட்டத்தை அவை எங்கிருந்து கொண்டுவரும்? இதைத் தனிக் குற்றமாக்கும்படி 2018-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பந்தயம் நடத்துவோரைப் பற்றியது. ஆட்டத்தை விலைபேசுவோரைப் பற்றியதல்ல.

இலங்கை 2019-லேயே இதற்கெனச் சட்டம் இயற்றி, பத்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழி செய்துவிட்டது. இந்தியாவில் 2013-ல் தயாரான விளையாட்டு மோசடித் தடுப்பு மசோதாவோ, வரைவாகவே நின்றுபோனது.