மின்னசோட்டாவில் ஓர் ஊர்விலக்கு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகம் இப்போது முழுத் தகுதி பெற்றுவிட்டது. மூன்றாம் பிரிவிலிருந்து வருவோருக்கான காத்திருப்புக் காலத்தை, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 2025 ஜனவரியில் ஓராண்டு குறைத்ததால், 2025-26 பருவத்திலேயே தேசியப் போட்டிகளுக்கான கதவு அதற்குத் திறந்தது. கூடவே ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது: 2019இல் அதைப் பழைய கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றியது எல்லோருக்கும் நல்லதாகத்தானே முடிந்தது என்று. துரத்தப்பட்டவர் பிழைத்துக்கொண்டார் என்பதற்காகத் துரத்தியது நியாயமாகிவிடாது.

2019 மே மாதம், எம்ஐஏசி எனப்படும் மின்னசோட்டா கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு, செயின்ட் தாமஸை அதன் விருப்பத்தைக் கேளாமலே நீக்குவதாக அறிவித்தது. முதன்மையாகச் சொன்ன காரணம், போட்டியில் சமநிலை. விதிமீறல் என்று எதையும் சாட்டவில்லை. 1920இல் கூட்டமைப்பைத் தொடங்கிய ஏழு கல்லூரிகளில் செயின்ட் தாமஸும் ஒன்று. எம்ஐஏசி ஆடும் மூன்றாம் பிரிவில் விளையாட்டுத் திறமைக்காக உதவித்தொகை தரக் கூடாது. அந்த விதிக்குள் நின்றுதான் அது ஜெயித்துக்கொண்டிருந்தது. ஜெயித்ததற்குத்தான் இந்த ஊர்விலக்கு.

வெளியேற்றத்தை ஆதரிப்பவர்கள் ஒரே ஓர் எண்ணைத் தூக்கிக் காட்டுகிறார்கள்: 97-0. 2017இல் அமெரிக்கக் கால்பந்தில் செயின்ட் ஓலாஃப் கல்லூரியைச் செயின்ட் தாமஸ் நசுக்கிய கணக்கு அது. அவர்களுக்கு நான் வேறோர் எண்ணை நினைவூட்டுகிறேன்: 97-6. 1977இல் இதே கூட்டமைப்பில் கன்கார்டியா கல்லூரி மெக்கலெஸ்டரைச் சாய்த்த கணக்கு. 1974 முதல் 1980 வரை மெக்கலெஸ்டர் தொடர்ந்து 50 ஆட்டங்களில் தோற்றது. ஐம்பது! 1975இல் சேர்ந்த மாணவன் நான்கு ஆண்டும் ஆடி, ஒரு வெற்றியைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பான். 1980 செப்டம்பரில் மவுன்ட் சினாரியோ கல்லூரியை, ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது அடித்த ஒரு ஃபீல்டு கோலால் 17-14 என்று வென்ற பிறகுதான் அந்தத் தோல்வித் தொடர் நின்றது. கன்கார்டியாவை அப்போது யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. பின்னாளில் மெக்கலெஸ்டர் என்ன செய்தது? 2002இலிருந்து கால்பந்தை மட்டும் கூட்டமைப்புக்கு வெளியே கொண்டுபோனது. மற்ற விளையாட்டுகளில் உறுப்பினராகவே இருந்தது. 2021இல் கால்பந்துக்கும் திரும்பி வந்தது. தனக்கு ஏற்ற களத்தைத் தானே தேடிக்கொண்ட அந்தக் கண்ணியம் 2019இல் எங்கே போயிற்று?

இந்தக் கூட்டமைப்புக்கு உறுப்பினர் வருவதும் போவதும் புதிதல்ல. கார்ல்டன் 1920களில் விலகி 1983இல் திரும்பியது. செயின்ட் ஓலாஃபும் பல்லாண்டு வெளியே இருந்துவிட்டு வந்ததுதான். மின்னசோட்டா டுலூத் 1970களில் வேறு கூட்டமைப்பைத் தேடிப் போனது. போனவர்கள் தாமாகப் போனார்கள்.

97-0க்குப் பிறகு நடந்ததை ஆதரவாளர்கள் சொல்வதே இல்லை. 2018இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி செயின்ட் தாமஸை 40-20 என்று தோற்கடித்தது. 2019 அக்டோபரில் 38-20. இரண்டு தோல்விகளுக்கும் நடுவில்தான் சமநிலை இல்லை என்று சொல்லி நீக்க முடிவெடுத்தார்கள். செயின்ட் தாமஸில் ஏறக்குறைய 6,000 இளநிலை மாணவர்கள். செயின்ட் ஜான்ஸில் 2,000 பேர்கூட இல்லை, அத்தனை பேரும் ஆண்கள். மாணவர் எண்ணிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் அந்த வெற்றிகள் எப்படி வந்தன? ஜான் காக்லியார்டி என்ற ஒரே பயிற்சியாளரை 2012 வரை அறுபது ஆண்டுகள் வைத்துக் கட்டிய மரபு அது. அந்தப் பொறுமை மற்றவர்களுக்கு இல்லாமல் போனதற்குச் செயின்ட் தாமஸ் பொறுப்பல்ல.

மாணவர்களுக்குக் காயம் படும் என்ற வாதம் அக்கறையின் முகமூடி மட்டுமே. உண்மையான கவலை அதுவானால் அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்திருக்கலாம். கூடைப்பந்திலிருந்தும் நீச்சலிலிருந்தும் ஏன் துரத்த வேண்டும்? பண பலம் பற்றிப் பேசுபவர்கள் முதலில் கார்ல்டனின் அறக்கட்டளை நிதியை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கட்டும். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் செயின்ட் தாமஸ் அதன் பக்கத்தில்கூட நிற்காது. கார்ல்டனின் செல்வம் சமநிலையைக் கெடுக்கவில்லை, செயின்ட் தாமஸின் வெற்றி மட்டும் கெடுத்துவிட்டது என்பது கோழைகளின் தர்க்கம். கல்லூரித் தலைவர்கள் இதைச் செய்தது வெட்கக்கேடு.

இழந்தது என்ன என்பதைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் செயின்ட் தாமஸும் செயின்ட் ஜான்ஸும் டார்கெட் ஃபீல்டு மைதானத்தில் மோதியபோது 37,355 பேர் வந்தார்கள். மூன்றாம் பிரிவு வரலாற்றில் அதுவரை காணாத கூட்டம். அத்தனை பேரும் விளையாட்டு உதவித்தொகை வாங்காத மாணவர்களின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள். 1901இல் தொடங்கிய அந்தப் பகை 2019 அக்டோபரோடு நின்றது. பேருந்தில் போய் ஆடிவிட்டு இரவே விடுதி திரும்பிய கால்பந்து அணி, இன்று முதல் பிரிவின் பயனியர் லீகில் சான் டியேகோவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் விமானம் ஏறுகிறது. படிப்போடு விளையாட்டு என்ற எளிய ஏற்பாட்டுக்குள் இருந்த ஒரு பெரிய கல்லூரியை, பணம் ஆளும் முதல் பிரிவுக்குள் தள்ளிவிட்டது இந்தச் சமநிலைக் கொள்கை.

இது மின்னசோட்டாவோடு நிற்காது. தோற்பவர்கள் கூடி வெல்பவரை நீக்கலாம் என்ற வழி திறந்துவிட்டது. செயின்ட் தாமஸ் இல்லாத இடத்தில் அடுத்த வலியவர் செயின்ட் ஜான்ஸ். அடுத்த குறியும் அதுவாகத்தான் இருக்கும். மூன்றாம் பிரிவின் எந்த வட்டாரக் கூட்டமைப்பும் இன்னும் இருபது ஆண்டுகளில் இன்றைய உருவத்தில் இருக்காது. விதியை மீறாத உறுப்பினரை நீக்க முடியாது என்று எம்ஐஏசி தன் சட்டத்தில் எழுத வேண்டும். செயின்ட் தாமஸிடம் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்க வேண்டும்.