மாற்றல் உத்தரவு

“சம்பந்தப்பட்ட சாமியாரைத்தான் வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்களே, இன்னும் எதற்காக இதைக் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று இவ்வாரம் நமக்கு வந்த கடிதங்களில் பல கேட்கின்றன. எழுதியவர்கள் பக்தியுள்ளவர்கள், ஞாயிறு தவறாமல் குழந்தை குட்டிகளோடு பூசைக்குப் போகிறவர்கள் என்பது கடிதங்களின் தொனியிலேயே தெரிகிறது. அவர்களுடைய மனத்தைப் புண்படுத்துவது நமது நோக்கமன்று. ஆயினும், குழந்தைகளிடம் தவறாக நடந்துகொண்டதாக அந்தச் சாமியாரைப் பற்றிப் பத்திரிகைகளில் வெளிவந்த விவரங்கள் அத்தனையையும் வாசித்த பிற்பாடும், மாற்றல் என்று கேட்ட மாத்திரத்தில் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விடும் மனோபாவம் நம்மவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேளாமல் இருக்க முடியவில்லை.

இந்த மாற்றல் வைத்தியத்தைப் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் பூரணமாகப் பரீட்சித்துப் பார்த்துவிட்டது. ஜான் கேகன் என்ற பாதிரியார் முப்பது வருஷங்களுக்கு மேல் அரை டஜன் பங்குகளில் மாறி மாறி ஊழியம் செய்தார். சிறு வயதில் தங்களிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பிற்காலத்தில் அவர்மீது முறையிட்டவர்களின் தொகை 130-க்கும் மேல். தம் குடும்பத்துச் சிறுவர்கள் ஏழு பேருக்கு நேர்ந்ததை 1982-லேயே ஒரு பெண்மணி அப்போதைய கர்தினாலுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்திருந்தார். 1984-ல் புதிதாகப் பேராயர் பொறுப்பேற்ற பெர்னார்டு லா, கேகனை ஒரு பங்கிலிருந்து விலக்கினார். விலக்கிய சில மாதங்களுக்குள் வெஸ்டன் என்னும் புறநகர்ப் பங்குக்கு அனுப்பிவைத்தார். அங்கே பீடச்சிறுவர்கள் உள்ளிட்ட பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பும் அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது! இது தகாது என்று அவ்வருஷம் டிசம்பரில் எழுத்துமூலம் ஆட்சேபித்த துணை மேற்றிராணியார் ஜான் டார்சி, மறு வருஷம் இந்தியானா மாநிலத்து மறைமாவட்டம் ஒன்றுக்கு மேற்றிராணியாராகப் போனார். கேகன் மட்டும் வெஸ்டனிலேயே இருந்தார்.

பீடச்சிறுவன் என்றால் யார்? இருட்டுப் பிரியுமுன் தாயார் எழுப்பிவிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, “சாமி சொல்றபடி கேட்டு நட” என்று சொல்லி அனுப்பும் பத்து வயசுப் பிள்ளை. பூசை உடுப்புகள் வைத்திருக்கும் சிறிய அறையில், கோயில் மணி அடிப்பதற்கு முன்னால், அவனும் குருவானவரும் மாத்திரமே இருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் ஏதேனும் தவறு நடந்ததாகச் சொன்னால், அடி விழுவது பெரும்பாலும் அவனுக்குத்தான். சாமியாரைப் பற்றிப் பொய் சொல்வது பாவமல்லவா? புதுப் பங்குக்கு வரும் குருவானவரையோ மேளம் கொட்டி, மாலை போட்டு, ஊரெல்லையிலிருந்து அழைத்து வருவார்கள். மாலை போடுகிற பெற்றோரிடம், இவர் எந்த ஊரிலிருந்து, என்ன காரணத்தால் இங்கே வருகிறார் என்பதை ஆயர் இல்லத்திலிருந்து யாரேனும் வந்து சொன்னதுண்டா?

2002 ஜனவரியில் பாஸ்டன் குளோப் பத்திரிகை இவ்விவகாரத்தை அம்பலத்துக்குக் கொண்டுவந்தது. கேகன் சிறைக்குப் போனார். மறு வருஷம், முறையிட்ட 552 பேருக்கு உயர்மறைமாவட்டம் எட்டரைக் கோடி டாலர் கொடுக்க இணங்கியது. இடையே 2002 டிசம்பரில் கர்தினால் லா பதவி துறந்தார். 2004-ல் ரோமாபுரியின் மகா ஆலயங்களுள் ஒன்றான சாந்தா மரியா மஜ்ஜோரேவுக்குத் தலைமைக் குருவாக நியமனம் பெற்றார். மாற்றல் உத்தரவில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தவருக்கும் முடிவில் கிடைத்தது ஒரு மாற்றல்தான்; அதுவும் எவ்வளவு விசேஷமான மாற்றல்!

இதெல்லாம் சீமைக் கதை என்று நினைப்பவர்கள் உதகமண்டலத்தை நினைவுகூரட்டும். அந்த மறைமாவட்டத்திலிருந்து 2004-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்கு ஊழியத்துக்குப் போன பாதிரியார் ஒருவர், அங்கே சிறுமியிடம் தவறாக நடந்துகொண்டதை 2015-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தண்டனை பெற்றுத் திரும்பினார். மறு வருஷமே அவர்மீதிருந்த பணித்தடை ரத்து செய்யப்பட்டது.

சபையை மாத்திரம் குறை சொல்லிப் பயனென்ன? சர்க்காரே இந்த வைத்தியத்தில் கைதேர்ந்ததல்லவா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் வந்தால், தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்துவிட்டதாக அதிகாரிகள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் காட்டிலும் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதும், அங்கேயும் சிறுமிகள் கிழிந்த பாயில் உட்கார்ந்து படிப்பதும் அவர்கள் சித்தத்தில் உறைப்பதேயில்லை. மலைக்கிராமப் பள்ளிகளைத் தண்டனைக் கொட்டடிகளாக உபயோகிக்கும் இந்தக் கேவலமான சம்பிரதாயத்தை நிறுத்துங்கள் என்று இப்பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதி நமக்குக் கைதான் சலித்தது.

குற்றத்தை அறிந்த குருக்களும் துறவியரும் சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2019-ல் போப் பிரான்சிஸ் கட்டளையிட்டார். நல்ல காரியம். ஆனால் நமது தேசத்தில் அதற்கு முன்பே, 2012-லேயே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிட்டது. அதன் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு இழைக்கப்பட்ட இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் போலீசாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். மேற்றிராணியார், கன்னியர் மடத்துத் தலைவி, பள்ளித் தாளாளர் எவருக்கும் விலக்கில்லை. தமக்குக் கீழ் வேலை செய்பவர் புரிந்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்ட ஸ்தாபனத் தலைவருக்கு 21-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ஆகவே, பெற்றோர்கள் ஆயர் இல்லத்து வாசலில் மனுவோடு காத்து நிற்பதை விட்டு முதலில் காவல் நிலையத்துக்குப் போகட்டும். துணைக்கு ஆளில்லாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தொலைபேசி செய்யட்டும். விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டர், குற்றம் சாட்டப்பட்டவரை மாத்திரம் தேடாமல், அந்த மாற்றல் உத்தரவையும் கேட்டு வாங்கட்டும். யாருக்கு எந்தத் தேதியில் விஷயம் தெரிந்திருந்தது என்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல தடயம் அவருக்கு எங்கே அகப்படப் போகிறது?