கால் மரத்துப்போகும் காலை ஆறு மணி

யோகா ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் பலரும் ஆசனத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். சிரசாசனம் வருமா, குனிந்தால் கை தரையைத் தொடுமா என்பதே கவலை. போய்ச் சேர்ந்த மறுநாளே தெரிந்துவிடும், சிரமம் அங்கே இல்லை என்று. விடிவதற்கு முன் மணி அடித்து எழுப்பி, 6 மணிக்குக் கூடத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி அரை மணி நேரம் விட்டுவிடுகிறார்களே, அதுதான் சிரமம்.

சிவானந்த யோக வேதாந்த மையங்களின் நான்கு வாரப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. கேரளத்தின் நெய்யாறு அணைக்கரையானாலும் மதுரைக்கு அருகே உள்ள ஆசிரமமானாலும் கனடாவின் வால் மோரன் ஆனாலும் அட்டவணை ஏறக்குறைய ஒன்றுதான். தியானமும் பஜனையும் முடிந்து 8 மணிக்கு ஆசனம். 10 மணிக்குத்தான் முதல் சாப்பாடு. அதில் வெங்காயம், பூண்டு கிடையாது. பிறகு ஆசிரம வேலை, கீதை வகுப்பு, தத்துவ வகுப்பு, மாலையில் மறுபடி ஆசனம், 6 மணிக்கு இரண்டாவது சாப்பாடு. இரவு 8 மணிக்குத் திரும்பவும் கண்ணை மூடி உட்கார வேண்டும்.

தியானமே பழகாத ஒருவர் ஆசிரியர் பயிற்சிக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். இந்தப் பயிற்சி பிறந்த கதையே அதற்குச் சாட்சி. 1969இல் இதைத் தொடங்கியவர் சுவாமி விஷ்ணுதேவானந்தர். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, பின்னர் ரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தரின் சீடர் அவர். உலகம் தீப்பற்றி எரிய, மக்கள் நாட்டு எல்லைகளைத் தாண்டி ஓடுவதுபோலத் தியானத்தில் ஒரு காட்சி கண்டதாக விஷ்ணுதேவானந்தர் சொல்லியிருக்கிறார். தன்னைத் தானே ஆளத் தெரிந்த மனிதர்களை உருவாக்கினால்தான் அந்தத் தீ அணையும் என்று நம்பித்தான் பயிற்சியை ஆரம்பித்தார். நம்பியதோடு நிற்கவும் இல்லை. 1971இல் சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு கலவர பூமியான பெல்ஃபாஸ்டுக்குப் போனார். 1983இல் பெர்லின் சுவரின் மேலாகப் பறந்தார். வகுப்பு எடுக்க ஆள் தயாரிப்பது அவருக்கு இரண்டாம்பட்சம். வருகிறவர் முதலில் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே தியானம் தெரியாமல் வருகிறவர் தப்பான இடத்துக்கு வந்துவிடவில்லை.

ஆனால் உட்காருவது லேசில்லை. நாற்காலியிலேயே வளர்ந்த உடம்பு சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் தரையில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். இடுப்பு பின்னால் சாயும். கீழ்முதுகு கூன் போடும். பத்தாவது நிமிடத்தில் தோள்பட்டை வரை வலி ஏறும். நான்காக மடித்த கம்பளியைப் புட்டத்துக்கு அடியில் வைத்தால் இடுப்பு உயர்ந்து, முழங்கால் தானாக இறங்கி, முதுகு தன் வளைவுக்குத் திரும்பும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால்தான். மரத்துப்போனால் காலை மாற்றிப் போடலாம், சுவரில் சாயலாம், நாற்காலியிலும் உட்காரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது தியானம் ஆகாது. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் கிட்டத்தட்ட இருநூறு. அவற்றில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று. நிலையாகவும் சுகமாகவும் உட்காருவதுதான் அங்கே ஆசனத்துக்கு இலக்கணம். யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது, தியானம் ஏழாவது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டு அங்கங்களைப் பாடுகிறார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என ஆசன வகுப்பு வைப்பதற்குக் காரணமே மறுநாள் 6 மணிக்கு உடம்பு தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

உடம்பு ஒருவழியாக அடங்கினால் மனசு கிளம்பிவிடும். ஊரில் விட்டுவந்த வேலை, கட்டாத தவணை, யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல். "எனக்குத் தியானம் வரவில்லை" என்று முதல் வாரத்தில் மனம் உடைகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் ஐபோன் வழியாக அவ்வப்போது கேட்டுப் பார்த்தார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது? 2010இல் வெளியான முடிவின்படி, விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அலைவது மனசின் அன்றாடம். சிவானந்த வழியிலும் தொடக்கத்தில் மனதை அதன் போக்கில் ஓட விடவே சொல்கிறார்கள். ஓடிவிட்டது என்று எந்தக் கணத்தில் தெரிகிறதோ, அந்தக் கணத்தில் மூச்சுக்கோ மந்திரத்துக்கோ திரும்ப வேண்டும். அரை மணியில் நூறு தடவை திரும்பினாலும் அந்த நூறும் பயிற்சிதான்.

இனி, சான்றிதழ். அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் வகுத்த 200 மணி நேரக் கணக்கைத்தான் இன்று உலகமெங்கும் பள்ளிகள் பின்பற்றுகின்றன. ஆசனம், உடற்கூறு, தத்துவம், கற்பிக்கும் முறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தியானத்துக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். இந்தச் சான்றிதழை வைத்துத் திரிகோணாசனத்தைப் பாதுகாப்பாகச் சொல்லிக்கொடுக்க முடியும். பிறரைக் கண்மூடி உட்காரவைப்பது வேறு பொறுப்பு. மனச்சோர்விலும் பதற்றத்திலும் இருக்கும் சிலருக்கு அந்த மௌனமே நடுக்கத்தைக் கிளப்பும். அப்போது கண்ணைத் திறக்கச் சொல்லி, தரையில் பாதம் ஊன்றவைத்து, தேவையானால் மருத்துவரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். அந்தப் பக்குவம் ஒரு மாதத்தில் வராது. சென்னையில் 1976இல் தேசிகாச்சார் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஒவ்வொருவரின் உடம்புக்கும் மனதுக்கும் தக்கபடி தனித்தனியாகப் பயிற்சி வகுப்பதற்குப் பெயர் பெற்றது. அந்தக் கண் வேண்டும்.

சேர நினைக்கிறவர் இன்றிலிருந்தே தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பழகலாம். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர் தன் மருத்துவரைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேட்பது நல்லது: தினமும் எவ்வளவு நேரம் தியானம்? ஆசிரியரும் கூடவே உட்காருவாரா? உட்கார்ந்தபோது நடந்ததைத் தனியாகச் சொல்லி விளக்கம் கேட்க ஒருவர் இருப்பாரா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், வேறு இடம் பார்க்கலாம்.