ஏளனம் மறைத்துவிடும் கேள்விகள்

அரசியலில் ஈடுபடும் பெண்களை எமது ஊடகங்கள் எந்தக் கண்கொண்டு நோக்குகின்றன என்ற கேள்வி புதியதொன்றல்ல. 1960ஆம் ஆண்டு ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதலாவது பெண் பிரதமராகப் பதவியேற்றபோது, அவரை எச்சொல்லால் அழைப்பதென லண்டன் பத்திரிகையொன்று வியந்தது. 'அழும் விதவை' என்ற ஏளனமோ அவரை நெடுங்காலம் தொடர்ந்தது.

1952 இல் தந்தை டீ.எஸ். சேனாநாயக்க மறைந்ததையடுத்து டட்லி சேனாநாயக்க பிரதமரானார். ஐக்கிய தேசியக் கட்சி 'மாமன் மருமகன் கட்சி' என எள்ளி நகையாடப்பட்டது உண்மையே. எனினும், அது குடும்ப ஆதிக்கத்தின் மீதான அரசியல் விமர்சனமேயன்றி, தந்தையை இழந்த மகனின் கண்ணீர் மீதான பரிகாசமன்று.

இத்தகைய ஏளனம் சம்பந்தப்பட்ட பெண்ணை மாத்திரம் பாதிப்பதில்லை. மக்கள் கேட்க வேண்டிய கேள்விகளையும் அது மறைத்துவிடுகின்றது. 1961 இல் வடக்கு, கிழக்கில் நடைபெற்ற சத்தியாக்கிரகம் படைபலம் கொண்டு அடக்கப்பட்டது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. 1972 இன் அரசியலமைப்பு, சிறுபான்மையினருக்கிருந்த 29ஆவது பிரிவின் பாதுகாப்பை இல்லாதொழித்தது. இவற்றுக்காக அவர் மீது கடும் விமர்சனத்தை முன்வைக்கத் தமிழ் மக்களுக்கு முழு உரிமையுண்டு. ஆனால், இவற்றில் எதற்கும் அவரது விதவைக் கோலத்துடன் எவ்விதத் தொடர்புமில்லை.

கணவரின் மறைவுக்குப் பின்னர் 2000ஆம் ஆண்டு பாராளுமன்றம் சென்ற பேரியல் அஷ்ரப் அவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் வீடமைப்பு அமைச்சராக அவர் ஆற்றியவையும் ஆற்றத் தவறியவையுமே வாசகர் அறிய வேண்டியவை.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீட்டை 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் ஏற்படுத்தியது. அதற்கு முன்னர் 2 வீதத்தையேனும் எட்டாதிருந்த பெண் பிரதிநிதித்துவம், 2018 தேர்தலின் பின்னர் 20 வீதத்தைத் தாண்டியது. எனினும், 2024 இல் தெரிவான பாராளுமன்றத்தில் பெண்கள் பத்திலொரு பங்கினராகக்கூட இல்லை. இந்நிலையில், பெண் உறுப்பினரொருவரின் உடையையும் குடும்பத்தையும் பற்றி எழுதிவிட்டு, அவர் சபையில் என்ன பேசினார் என்பதை விட்டுவிடுவது வாக்காளருக்கு இழைக்கப்படும் அநீதியாகும்.

ஆணொருவரைப் பற்றி எழுதத் துணியாத வாக்கியத்தைப் பெண்ணைப் பற்றியும் எழுதாதிருப்போம். அதேவேளை, ஆணிடம் கேட்கும் எந்தக் கேள்வியையும் பெண்ணிடம் கேட்கத் தவறாதிருப்போம். ஊடகங்களிடம் நாம் எதிர்பார்ப்பது சலுகையை அல்ல, சமநீதியையே.