கொதிக்க வைத்தால் போதுமா?

"மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சாயமெல்லாம் போய்விடுமாமே! குழந்தைக்குப் பால் கலக்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

போகாதம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சாயம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பும் நைட்ரேட்டும் இன்னும் செறிவாகும். கைக்குழந்தைக்கு நைட்ரேட் ஆகவே ஆகாது.

ஆராய்ச்சிக்கூடத்தில் செய்வது வேறு. தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றைக் கலந்து மைக்ரோவேவில் சூடாக்குகிறார்கள். நொடிக்கு 245 கோடி தடவை துடிக்கும் அலை, தண்ணீரை மளமளவென்று சூடேற்றும். பெராக்சைடு உடைந்து, ஹைட்ராக்சில் என்ற வீரியமான துணுக்கு பிறக்கும். சாயத்தைச் சிதைப்பது அதுதான். பாதியில் நின்றுபோனால் நிறம் போயிருக்கும், நஞ்சு போயிருக்காது! ஆகவே இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

நொய்யலாறு கெட்டதால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். பட்டறைப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில், என்னென்ன சோதிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு தண்ணீரைக் கொடுங்கள். கரி வடிகட்டி சாயம், பூச்சிமருந்து பலவற்றைப் பிடிக்கும். உப்பையும் நைட்ரேட்டையும் பிடிக்காது. முடிவு தெரியும்வரை குழந்தைக்கு வேறு நல்ல தண்ணீர்தான்.