"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்!"



"இந்த வயசில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இமயமலை ஏறணுமா?" என்று கேட்டார் என் மாமியார். அப்போது எனக்கு 46, என்னவருக்கு 51. ஆசை அவருடையது. கோவேறு கழுதை வேண்டாம், கூலியாள் வேண்டாம், நம் சுமையை நாமே சுமப்போம் என்றார். சரி, ஆனால் இரண்டு மாதம் பழகிய பிறகுதான் டிக்கெட் என்றேன் நான்.

நாங்கள் இருப்பது திருச்சியில். விடியற்காலையில் மலைக்கோட்டைப் படிகள்தான் எங்கள் பயிற்சிக்கூடம். ஆளுக்கொரு முதுகுப்பை, அதில் 5 கிலோ பொன்னி அரிசி. "பிள்ளையாருக்குப் படி அரிசியா?" என்று ஒரு பாட்டி விசாரித்தார்!

2023 ஆகஸ்டில் கிளம்பினோம். உத்தராகண்டில் பூக்களின் பள்ளத்தாக்கு, அதற்குப் பக்கத்து மலையில் சீக்கியர்களின் ஹேம்குண்ட் சாகிப் இரண்டையும் பார்ப்பதாகத் திட்டம். ரிஷிகேஷிலிருந்து பஸ்ஸில் ஜோஷிமட் (2024ல் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்). மறுநாள் கோவிந்த்காட் வழியாகப் புல்னா வரை ஜீப். அங்கிருந்து கங்காரியாவுக்கு 10 கிலோமீட்டர் நடை. 2013 வெள்ளம் பழைய பாதையை அரித்துக்கொண்டு போய்விட்டதால் கடைசிப் பகுதி செங்குத்து. அவர் பையில் 9 கிலோ, என் பையில் 6 கிலோ. ஒவ்வொரு சாமானையும் சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் வைத்தேன்.

அவர் விடுவிடுவென்று ஏறுவார், மூச்சிரைக்க உட்காருவார். நான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற நிதானத்தில் நிற்காமல் போவேன். போய்ச் சேர்ந்தது என்னவோ இரண்டு பேரும் ஒன்றாகத்தான்! ஏழு மணி நேரம், பாதி நேரம் மழை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர் உயரம், கங்காரியா 3,050. ஹேம்குண்ட் 4,300க்கும் மேலே. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். உடம்பு அதற்குப் பழக நாள் ஆகும். 3,000 மீட்டரைத் தாண்டினால், ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் தூங்கும் இடத்தின் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாதாம். எங்கள் டாக்டரம்மா, "கங்காரியாவில் ஒரு நாள் சும்மா இருங்கள்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வழியில் மண்சரிவில் ஒரு நாள் போய்விட்டது, லீவு பத்தாது என்று அவர் ஒரே பிடிவாதம். மறுநாள் விடிந்ததும் ஹேம்குண்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

காலையில் உருளைக்கிழங்கு பரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டார். 22 வருஷமாக அவருக்குச் சாதம் போடுகிறவளுக்குத் தெரியாதா? கேட்டால், "ஒண்ணுமில்லை."

நாலாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடை. டீ வேண்டாம் என்றார். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அப்புறம்தான் உண்மை வந்தது. முந்தின ராத்திரியிலிருந்தே தலைவலி, பொட்டுத் தூக்கம் இல்லை!

"திரும்பிடலாங்க."

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். மேலே சூடா கிச்சடி போடுவாங்க, சாப்பிட்டா சரியாயிடும். பாரு, அந்தப் பாட்டியே ஏறிண்டிருக்காங்க!"

"பாட்டிக்குத் தலைவலி இல்லைங்க."

தலைவலியோடு குமட்டலோ வாந்தியோ சேர்ந்தால் அதற்கு மேல் ஓர் அடியும் ஏறக்கூடாது. ஓய்விலும் குறையாவிட்டால், அல்லது கூடினால், இறங்கிவிட வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உயிருக்கே ஆபத்து. உடனே கீழே கொண்டுபோய் வைத்தியம் பார்க்க வேண்டும். குதிகாலும் விரலும் ஒட்ட, ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். நல்ல வேளை, நேராக நடந்தார். இருந்தாலும் நான் விடவில்லை. அவர் பையையும் என் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் இறங்கறேன், நீங்களும் வரீங்க" என்றேன். கல்யாணமாகி அவரிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டு மணி நேரம் பேச்சே இல்லை. கோபமா, அசதியா, இன்றுவரை நான் கேட்கவில்லை. சாயங்காலம் கங்காரியாவில், "ஒரு ரசம் கிடைக்குமா?" என்றாரே பார்க்கணும்! ஹோட்டல்காரரிடம் வெந்நீர் வாங்கி, கொண்டுபோன ரசப்பொடியில் சமாளித்தேன். அடுத்த நாள் முழு ஓய்வு.

அதற்கும் அடுத்த நாள், தலைவலி அறவே போன பிறகு, பள்ளத்தாக்குக்கு மெள்ள நடந்தோம். ராத்திரி தங்க அனுமதி இல்லாததால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இடுப்புயரம் காசித்தும்பை, பாறையோரம் நீலப் பாப்பி. 1939ல் செடி சேகரிக்க வந்து, பாறையில் வழுக்கி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் கல்லறை அங்கே இருக்கிறது. கல் வைத்தது அவருடைய சகோதரியாம். என்னவர் அதன் முன் ரொம்ப நேரம் நின்றார்.

ஊரில் யார் கேட்டாலும், "மழை, அதனால் ஹேம்குண்ட் போகலை" என்கிறார். இதை அச்சுக்கு அனுப்பலாமா என்று படித்துக் காட்டினேன். "ரசத்தை மட்டும் எடுத்துடு" என்றார். எடுக்கவில்லை!

உயர நோய்க்கு முன்னெச்சரிக்கை மாத்திரை உண்டு. டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழையில் காயாத பருத்திச் சுடிதாரோடு நான் பட்ட பாட்டையும், மாதவிலக்கு நாள்களில் மலையில் சமாளிக்கும் வழிகளையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.